சூளைக் கதவைத் திறந்து வைத்தவர்கள்

பாலக்காட்டுப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனால் பாலக்கா மாலையைப் பார்க்காமல் திரும்ப முடியாது. தங்க விளிம்புக்குள் நீள்வட்டமாகப் பச்சைத் துண்டுகள், கழுத்தைச் சுற்றி வரிசையாக. வசதியான வீட்டில் அது பாட்டி கழுத்திலிருந்து இறங்கிய பழைய மாலையாக இருக்கும். புதிதாக வேண்டுமென்றாலும் பஞ்சமில்லை. தங்கத்திலும் உண்டு, முலாம் பூசிய கவரிங்கிலும் உண்டு.

அந்தப் பச்சை எப்படி அங்கே வந்தது என்று கேட்டால் ஒரே பதில் கிடைக்காது. பழைய மாலையில் அது வெட்டியெடுத்த கண்ணாடி, அல்லது கல். உள்ளே அரக்கு நிரப்பி, அடியில் மினுங்கும் தகடு வைத்து, விளிம்பை மடக்கிப் பதித்தது. இன்று மலிவாக வருகிற சிலவற்றில் அது வெறும் பிசின் சாயம். ஊசிமுனையால் ஊற்றி, இளஞ்சூட்டில் இறுக வைத்தது. கடைக்காரர் இதை ‘எனாமல்’ என்றுதான் சொல்லுவார். மூன்றாவதாக ஒரு வழி இருக்கிறது. கண்ணாடியைப் பொடியாக்கி உலோகத்தின் மேல் வைத்து, 800 டிகிரி நெருப்புக்குள் அனுப்பி, உருக்கி ஒட்ட வைப்பது. அசல் எனாமல் என்றால் இதுதான். வடக்கே மீனாகாரி என்பதும் இதையே. அந்த வழியில் செய்த பாலக்கா மாலையைத் தேடி எடுப்பது கஷ்டம்.

காரணம் எளியது. நம் தெற்கத்தி ஆசாரி நிறம் வேண்டும் என்றால் கல்லைத்தான் தேடினார். வடசேரிக் கோயில் நகைகளில் சிவப்புக் கல், கேரளத்து நாகபடத் தாலியில் பச்சையோ நீலமோ கண்ணாடி. நெருப்பில் நிறத்தை உருக்கும் வேலை வடக்கே முகலாயர் காலத்து அரண்மனைகளில் வளர்ந்து அங்கேயே தங்கிவிட்டது. நம் பக்கம் அது கைத்தொழிலாக இறங்கி வேர் பிடிக்கவில்லை.

ஆனால் பொருளாக எப்போதோ வந்துவிட்டது. தேயிலைத் தோட்டத்து லயங்களில் ஒரு தலைமுறைக்கு முன்னால் எல்லார் வீட்டிலும் இருந்த வெள்ளைப் பீங்கான் தட்டு, நீலக் கரை போட்ட பீங்கான் கோப்பை எல்லாம் பீங்கானே அல்ல. இரும்பின் மேல் உருக்கிய கண்ணாடி. கீழே விழுந்து ஒரு சில்லு பெயர்ந்தால் உள்ளே கறுப்பாக இரும்பு தெரியும். ஆஸ்பத்திரிக் கிண்ணம், ரயில் நிலையத்துப் பழைய அறிவிப்புப் பலகை எல்லாமே அந்தக் குடும்பம்தான். வெயிலிலும் மழையிலும் அரை நூற்றாண்டு கிடந்தாலும் நிறம் மங்காது. சுவருக்கு அடிக்கிற எனாமல் பெயிண்டுக்கும் இதற்கும் பெயரைத் தவிர உறவில்லை.

இந்த வேலையைக் கலையாகக் கையில் எடுத்தவர்கள் உலகத்தில் எங்குமே கூட்டம் கூட்டமாக இல்லை. இருப்பவர்களும் ஒருவரையொருவர் நம்பித்தான் பிழைத்திருக்கிறார்கள். ஏன் அப்படி என்பதற்கு ஒரு தகட்டைச் சூளைக்குள் அனுப்பிப் பார்க்க வேண்டும்.

தகடு படும் பாடு

கையகலச் செம்புத் தகடு. ஒரு மில்லிமீட்டர் கனம் போதும். முதலில் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு இளக்க வேண்டும். பிறகு மரச் சுத்தியால் லேசாகக் குழிவு கொடுக்க வேண்டும். தட்டையாகவே விட்டால் சூளைக்குள் முறுக்கிக்கொள்ளும். அடுத்தது சுத்தம். நீர்த்த திராவகத்தில் போட்டுக் கறுப்பை எடுத்து, நன்றாகத் தேய்த்து, குழாயடியில் காட்டினால் தண்ணீர் தகடு முழுக்க ஒரே படலமாக நிற்க வேண்டும். திட்டுத் திட்டாகப் பிரிந்து ஓடினால் எங்கோ எண்ணெய்ப் பசை இருக்கிறது என்று அர்த்தம். கட்டைவிரல் பட்ட இடமாகக்கூட இருக்கும். மறுபடி தேய்க்க வேண்டியதுதான்.

கண்ணாடிப் பொடிக்கு மூலப்பொருள் மணல், சோடா, வெங்காரம். பழைய கலவைகளில் ஈயமும் உண்டு. வெங்காரம் நம் தங்க ஆசாரிக்குத் தினப்படி உறவு. பற்ற வைக்கும்போது அதைத்தான் தடவுகிறார். நிறத்துக்கு உலோகங்கள். நீலத்துக்குக் கோபால்ட். பச்சைக்கும் மயில்கழுத்து நிறத்துக்கும் செம்பு. ஊதாவுக்கு மாங்கனீஸ். வெள்ளீய ஆக்சைடு சேர்த்தால் ஒளி புகாத வெள்ளை. இளஞ்சிவப்பு வேண்டுமா, நிஜத் தங்கத்தையே கரைத்துக் கலக்க வேண்டும். வாரணாசியின் ‘குலாபி மீனாகாரி’ அந்த ரோஜா நிறத்தாலேயே பெயர் வாங்கியது. 2015இல் அதற்குப் புவிசார் குறியீடும் வந்தது. 2021இல் அமெரிக்கத் துணை அதிபராக இருந்த கமலா ஹாரிஸுக்குப் பிரதமர் கொடுத்த சதுரங்கக் காய்கள் அந்த வேலைதான்.

ஒளி ஊடுருவும் நிறமென்றால் பொடியை அரிசி களைகிற மாதிரி களைய வேண்டும். முதல் தண்ணீர் பாலாக வரும். கொட்டிவிட்டு மறுபடி. தண்ணீர் தெளிகிற வரைக்கும். மிக நுண்ணிய தூசி உள்ளே தங்கினால் கண்ணாடி புகை படிந்தது போல் மங்கிவிடும். களைந்த ஈரப் பொடியைத் தூரிகை முனையால் எடுத்து இடத்தில் வைக்க வேண்டும். உலர்ந்த பொடியென்றால் மெல்லிய சல்லடையால் தூவ வேண்டும். பிறகு சூளையின் தலைமேல் வைத்து ஈரம் முழுக்கப் போக்க வேண்டும். துளி ஈரம் இருந்தாலும் உள்ளே போனதும் கொதித்துப் பொடியைத் தெறிக்கவிடும்.

தனியாகப் புத்தகம் பார்த்துக் கற்றுக்கொள்கிறவர்கள் பலர் சறுக்குகிற இடம் பின்பக்கம். தகட்டின் முன்பக்கம் மட்டும் நிறம் வைத்தால் போதும் என்றுதான் தோன்றும். ஆறும்போது செம்பு கண்ணாடியைவிட அதிகமாகச் சுருங்கும். ஒரு பக்கம் மட்டும் கண்ணாடி இருந்தால் அந்த இழுபறியில் விரிசல் விழும். சூளையிலிருந்து எடுத்த உடனேகூட விழாது. மேசை மேல் சும்மா கிடக்கும்போது, யாரும் தொடாமலே, ‘டிங்’ என்று ஒரு சத்தம். அன்றைய உழைப்பு முடிந்தது. பின்பக்கமும் அதே அளவு கண்ணாடி பூசினால் இரண்டு பக்க இழுப்பும் சமமாகிவிடும். சொல்லிவிட்டால் ஒரு வாக்கியம். சொல்ல ஆள் இல்லாவிட்டால் மாதக்கணக்கில் தகடு வீணாகும்.

சூளைக்குள் தகடு இருப்பது இரண்டு மூன்று நிமிடம்தான். முதலில் பொடி சர்க்கரை மாதிரி மொறுமொறுவென்று நிற்கும். இதைச் சர்க்கரைப் பதம் என்பார்கள். அடுத்து ஆரஞ்சுத் தோல் பதம். அதற்கும் பிறகு மேற்பரப்பு கண்ணாடியாகச் சமன்பட்டு மினுங்கும். அந்த நொடியில் எடுக்க வேண்டும். பிந்தினால் விளிம்பில் நிறம் எரிந்துவிடும், முந்தினால் சொரசொரப்பு மிஞ்சும். வெளியே வந்த உடனே நிறத்தைப் பார்த்து மனம் உடைந்துபோகக் கூடாது. சூட்டில் சிவப்பு கறுப்பாகத்தான் தெரியும். ஆற ஆற நிறம் ஏறி வரும். பழகியவர் பக்கத்தில் நின்று “பொறுங்க, ஆறட்டும்” என்று சொல்வது பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் இல்லை. ஆனால் அதைச் சொல்ல ஆளில்லாமல் நல்ல தகட்டைத் திராவகத்தில் போட்டுச் சுரண்டியவர்கள் எத்தனை பேரோ.

ஆக, இந்தக் கலையில் சொல்லிக் கொடுப்பது என்றால் சூளை வாயில் இரண்டு ஜோடிக் கண்கள் ஒரே தகட்டைப் பார்ப்பது.

பூட்டியவர்களும் உடைத்தவரும்

ஜெய்ப்பூரை விட்டுவிட்டு மீனாகாரி பேச முடியாது. ஆமேர் அரசர் மான்சிங் 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாகூரிலிருந்து சீக்கியக் கைவினைஞர்களை அழைத்து வந்தார் என்பது அங்கே சொல்லப்படும் வரலாறு. அங்கே வேலை ஒருவரிடம் முடிவதில்லை. உருவம் வரைகிறவர் ஒருவர், தங்கத்தில் நகையைக் கட்டுகிறவர் ஒருவர், அதைக் குழி குழியாகச் செதுக்குகிறவர் ஒருவர். அந்தக் குழிகளில் நிறம் வைத்துச் சுடுபவர்தான் மீனாகார். அவருக்குப் பின் மெருகு போடுகிறவர், கல் பதிக்கிறவர். 1886இல் ஜேக்கப், ஹெண்ட்லி என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் ஜெய்ப்பூர் எனாமலைப் பற்றிப் புத்தகம் போட்டார்கள். எந்த நிறத்தை எந்த வரிசையில் சுடுவது என்பதை அதில் பதிவு செய்தார்கள். நெருப்பை அதிகம் தாங்கும் வெள்ளை முதலில். நீலமும் பச்சையும் நடுவில். சூட்டைக் கொஞ்சமும் தாங்காத சிவப்பு கடைசிப் பக்கம். ஒவ்வொரு நிறத்துக்கும் தகடு மறுபடி நெருப்புக்குள் போகிறது. கடைசிச் சூட்டில் சிவப்பு கெட்டால் அதற்கு முந்தைய வேலை எல்லாமே கெட்டது. ஜெய்ப்பூர்ச் சிவப்புக்கு அத்தனை மதிப்பு இருப்பது இதனால்தான். அந்த மரபில் வந்த சர்தார் குத்ரத் சிங்குக்கு 1988இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அந்தச் சிவப்பின் பக்குவம் பல காலம் வீட்டுச் சொத்தாகவே இருந்தது. இதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பிழைப்பு அதில்தான் இருக்கிறது என்றால் யார்தான் பூட்டி வைக்க மாட்டார்கள்? நம் பக்கத்திலேயே ஆரன்முளைக் கண்ணாடி இருக்கிறது. செம்பும் வெள்ளீயமும் கலந்த உலோகத்தை முகம் பார்க்கும் அளவுக்குத் தேய்த்தெடுப்பது. கலவை விகிதம் சில குடும்பங்களுக்குள் மட்டும். இப்படிப் பூட்டிய வீடுகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. மகனுக்குச் சொல்லுவார்கள், மகளுக்குச் சொல்ல மாட்டார்கள். நாளைக்கு வேறு வீட்டுக்குப் போகிறவள், வித்தையும் கூடப் போய்விடும் என்ற பயம்.

பூட்டு இருந்தால் உடைக்கிறவனும் வருவான். ஜப்பானில் 1830களில் ஓவாரி நாட்டில், இன்றைய நகோயா பக்கம், காஜி சுனேகிச்சி என்று ஒருவர் இருந்தார். சாமுராய் குடும்பத்துப் பிள்ளை, கையில் காசில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த எனாமல் பாத்திரம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. சொல்லிக் கொடுக்க ஆளில்லை. பாத்திரத்தை உடைத்தார். உள்ளே செம்பு, செம்பின் மேல் நிற்கிற மெல்லிய கம்பிகள், கம்பிகளுக்கு நடுவே கண்ணாடி. வித்தை பிடிபட்டது. தான் கற்றதை அவர் சீடர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். சீடர்கள் தங்கள் சீடர்களுக்கு. அரை நூற்றாண்டில் அந்த வட்டாரம் உலகச் சந்தைக்கு எனாமல் அனுப்பும் ஊராகிவிட்டது. கியோத்தோவில் நமிகாவா யசுயுகி என்ற கலைஞரோடு ஜெர்மானிய வேதியியலாளர் காட்ஃபிரீட் வேகனர் உட்கார்ந்து கலவைகளைத் திருத்தியது 1870களின் கடைசியில். கறுப்புப் பளிங்கு மாதிரி மினுங்கும் நமிகாவாவின் ஜாடிகளை இன்றைக்கும் அருங்காட்சியகங்கள் விட்டுக் கொடுப்பதில்லை. கைத்தொழில்காரரும் ரசாயனம் படித்தவரும் ஒரே மேசையில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

பதுவையிலிருந்து கண்ணபுரத்துக்கு

நம் ஊர்ச் சர்ச்சுகளில் பதுவை அந்தோனியார் என்று வணங்குகிறோமே, அந்தப் பதுவை இத்தாலியின் வடக்கே இருக்கிற பழைய ஊர். 1905இல் அங்கே பிறந்தவர் பாவ்லோ தெ போலி. ஓவியராகத் தொடங்கினார். 1930களில் செம்பின் மேல் எனாமலுக்கு வந்தார். கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு பழைய தொழிலை நவீன வீட்டுக்குள் கொண்டு வந்தவர் அவர். கிண்ணம், கதவுப் பிடி, சுவர்ப் பலகை, கப்பல்களுக்கு அலங்காரம் என்று எல்லாம் செய்தார். மிலானின் பிரெல்லி கோபுரத்தைக் கட்டிய கட்டடக் கலைஞர் ஜியோ போன்தி அவருக்கு நண்பர். போன்தி வரைந்து கொடுப்பார், தெ போலி சுட்டு எடுப்பார். 1940களில் மேசை நாற்காலிகள். 1956இல் தகட்டை மடக்கிச் செய்த குட்டிக் குட்டி மிருகங்கள். பெயர் பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவர் சூளைக்காரரைத் தனக்குச் சமமாக நடத்தியதால் வந்த வேலைகள் அவை.

இப்போது கண்ணூர் மாவட்டத்துக் கண்ணபுரம். 1937இல் அங்கே பிறந்தவர் பாலன் நம்பியார். தெய்யம் ஆடுகிற மண். முகத்தில் செம்மஞ்சளும் கறுப்பும் தீட்டி, தலைக்கு மேல் ஆள் உயரத்துக்கு முடி கட்டி, நெருப்புக்கு நடுவே ஆடுவதைப் பார்த்து வளர்ந்தவர். மதராஸ் ஓவியக் கல்லூரியில் சிற்பம் படித்தார். பின்னால் பெங்களூர்வாசி ஆனார். இரும்பிலும் துருப்பிடிக்காத எஃகிலும் பெரிய சிற்பங்கள் செய்தார். கேரளத்துச் சடங்குக் கலைகளைப் படமெடுத்து ஆராய்ந்து எழுதினார். அவர் தெ போலியின் மகளை மணந்தார். மாமனார் தன் பட்டறையை மருமகனுக்குத் திறந்துவிட்டார்.

நம் பூட்டிய வீடுகள் மகளோடு வித்தை போய்விடும் என்று பயந்தன அல்லவா? பதுவையில் அதுதான் நடந்தது. மகளோடு வித்தை போனது. இத்தாலியில் மீட்டெடுத்த ஒரு தொழில் அப்படித்தான் ஒரு மலையாளியின் கையில் இந்தியாவுக்கு வந்தது. நம்பியாரின் எனாமல்களில் ஜெய்ப்பூர்ப் பூக்கொடியும் மயிலும் இல்லை. தெய்யத்தின் நிறக் கணக்கும் சடங்குக் கோலங்களின் வடிவமும் செம்பின் மேல் கண்ணாடியாக உருகியிருக்கின்றன. நவீன இந்தியக் கலையில் எனாமலைத் தன் ஊடகமாக எடுத்துக்கொண்டவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்த எண்ணிக்கையில் முதலில் வருகிற பெயர் அவருடையது.

அவர் படித்த மதராஸ் கல்லூரிக்கு ஒரு குணம் இருந்தது. 1957 முதல் பத்து வருஷம் அதன் முதல்வராக இருந்தவர் கே.சி.எஸ். பணிக்கர். 1911இல் கோயம்புத்தூரில் பிறந்த மலபார்க் குடும்பத்துப் பிள்ளை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலேறி வந்த இளைஞர்களுக்கு அந்தக் கல்லூரி ஒரு தாய்வீடு. பாலக்காடு மாவட்டம் குமரநெல்லூரில் 1939இல் பிறந்த அக்கித்தம் நாராயணன் அப்படிப் போனவர்தான். அங்கிருந்து 1967இல் பாரிஸுக்குப் போனார். ‘சித்திரம் எழுதினால் சோறு கிடைக்குமா’ என்ற கேள்விக்குப் பணிக்கரும் தோழர்களும் கண்ட பதில் கைவினை. பாத்திக் துணி போட்டு விற்ற காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கினார்கள். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமம் பிறந்தது. பகலில் கைவினை, மீதி நேரம் சொந்தக் கலை. அங்கே ஒருவர் மெழுகு காய்ச்சினால் அடுத்த வீட்டுக்காரர் எட்டிப் பார்ப்பார். பி.வி. ஜானகிராம் கோயில் கவசங்களைப் பார்த்துத் தகட்டில் உருவம் எழுப்பக் கற்றார். பணிக்கரின் மகன் நந்தகோபால் செம்பையும் பித்தளையையும் பற்ற வைத்துச் செய்த சிற்பங்களில் எனாமல் நிறத்தையும் கூட்டினார். கலை, கைவினை என்று நடுவே கோடு கிழிப்பவர்களுக்கு அந்தக் கிராமத்தில் வேலையில்லை.

இந்த வரிசையில் ஓர் அமெரிக்கரையும் சேர்க்க வேண்டும். ஓப்பி அன்ட்ராக்ட் எனாமல் கலைஞர். உலோகத்தில் எனாமல் இடுவது எப்படி என்று 1957இல் ஒரு புத்தகம் எழுதினார். அதையொட்டி இந்தியா வந்து ஊர் ஊராகப் பட்டறைகளில் உட்கார்ந்து பார்த்தார். பார்த்ததை எல்லாம் படமாகவும் குறிப்பாகவும் எடுத்துக்கொண்டார். இந்தியப் பாரம்பரிய நகைகளைப் பற்றி 1997இல் அவர் வெளியிட்ட தடித்த புத்தகம் நம் ஆசாரிகளின் வேலையை உலகத்துக்கே பாடமாக்கியது. அவர் மனைவி சாரா ஹோபெயா பின்லாந்துக்காரர், அவரும் எனாமல் செய்தவர். ஒரே வீட்டில் இரண்டு எனாமல்காரர்கள்! ஓசியில் நம் வித்தையை எழுதி எடுத்துப் போனார் என்று முணுமுணுப்பவர்களும் இருக்கலாம். அவர் எழுதாமல் போயிருந்தால் அதில் பாதி இன்றைக்கு யாருக்கும் தெரிந்திருக்காது என்பது என் கட்சி.

நடுவே தமிழ்நாடு

இத்தனை பேர் திறந்த கதவு நம் எல்லைப் பகுதிக்கு எட்டியதா என்று பார்க்கலாம். பாலக்காட்டிலிருந்து மூணாறுக்குக் கிட்டத்து வழியில் போக வேண்டுமென்றால் தமிழ்நாட்டுக்குள் நுழைந்தாக வேண்டும். பொள்ளாச்சி, உடுமலைப்பேட்டை தாண்டிச் சின்னாறு சோதனைச் சாவடியில் மறுபடி கேரளம். அப்புறம் மறையூர்ச் சந்தனக் காடு, ஏற்றம், தேயிலை. இரண்டு முனையும் கேரளம், நடுவில் தமிழ்நாடு. இரண்டு முனையிலும் தமிழ்க் குடும்பங்கள். சித்தூர், கொழிஞ்சாம்பாறை, கொல்லங்கோடு பக்கம் விவசாயமும் நெசவும் பொன் வேலையும் செய்கிறவர்கள். தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலையில் தேயிலையையும் ஏலத்தையும் நம்பியிருப்பவர்கள்.

பாலக்காட்டு முனையில் தங்க ஆசாரியின் நிலைமை சொல்லத் தெரிந்ததுதான். கிழக்கே கோயம்புத்தூர், மேற்கே திருச்சூர் என்று இரண்டு பெரிய நகைத் தொழில் ஊர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்ட சின்னப் பட்டறை. அச்சில் வார்த்த நகை கிலோ கணக்கில் வந்து இறங்கும்போது உமியோட்டையும் ஊதுகுழலையும் வைத்துக்கொண்டு போட்டி போட முடியாது. நிறம் வேண்டும் என்று கேட்கிற வாடிக்கையாளருக்கு அவரால் கொடுக்க முடிந்தது அந்தப் பிசின் சாயம்தான். அதற்குச் சூளை வேண்டாம். கற்க ஒரு வாரம் போதும். இரண்டு வருஷம் உடம்பில் உராய்ந்தால் மங்கும், பெயரும். சந்தேகம் இருந்தால் நகையின் பின்பக்கம் ஓரமாகக் காய்ச்சிய ஊசி முனையை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பிசின் இளகும், கண்ணாடி அசையாது. கூடவே, பில் போடும்போது சாயத்தின் எடையைக் கழித்தார்களா என்றும் பாருங்கள். இது எனாமலுக்குச் சம்பந்தமில்லாத பேச்சு மாதிரி தெரியும். பர்சுக்குச் சம்பந்தமுள்ள பேச்சு.

அசல் எனாமலுக்கு ஆசாரி மாறுவதில் நிஜமான சிக்கல்களும் இருக்கின்றன. சீக்கிரம் இளகும் பற்றாசால் பற்ற வைத்த நகை 800 டிகிரியில் பிரிந்து விழும். பற்றவைப்பை எல்லாம் சூடு தாங்கும் பற்றாசால் முதலிலேயே முடித்துவிட்டு, எனாமலைக் கடைசியில் வைக்க வேண்டும். தங்கத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதும் முக்கியம். துத்தநாகம் அதிகமென்றால் கண்ணாடி சரியாக ஒட்டாது. பழைய ஈயக் கலவைகளை அரைக்கிற பட்டறைகளில் மூக்கையும் வாயையும் கட்டாமல் உட்காருவது தற்கொலை. ஈயமில்லாத பொடிகள் இப்போது கிடைக்கின்றன. அவற்றையும் முகமூடி இல்லாமல் தூவக் கூடாது. இவை எல்லாம் அனுபவக்காரர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் சொல்லிவிடக் கூடியவை. அந்த ஒருவர்தான் பாலக்காட்டுப் பட்டறைக்கு வந்து சேரவில்லை.

மூணாறு முனையில் வேறு கதை. எனாமல் கதை அல்ல. ஆனால் சொல்லிக் கொடுத்தல் என்று வந்தால் எல்லைப் பகுதியிலேயே இதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளில் உடல் அல்லது மனவளர்ச்சிக் குறையோடு பிறந்த பிள்ளைகளுக்காக ‘சிருஷ்டி’ என்ற அமைப்பு மூணாறில் 1991இல் தொடங்கியது. டாட்டா டீ நிறுவனத்தின் ஆதரவு. அதன் ஒரு கிளையாக 1990களில் வந்தது ‘ஆரண்யா’, இயற்கைச் சாயப் பட்டறை. அங்கே வேலை செய்கிறவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பிள்ளைகள். அப்பா அம்மா கொழுந்து பறித்தவர்கள். பிள்ளைகள் துணியில் நிறம் ஏற்றுகிறார்கள்.

நிறத்துக்கு எங்கேயும் போக வேண்டியதில்லை. தேயிலைத் தொழிற்சாலைகளின் அடுப்புக்கு விறகாக மலை முழுக்க யூகலிப்டஸ் நட்டிருக்கிறார்கள். அந்த இலையைக் கொதிக்க வைத்தால் பட்டிலும் கம்பளியிலும் செம்மஞ்சளும் செங்கல் நிறமும் ஏறும். தேயிலைக் கழிவில் பழுப்பு. மாதுளைத் தோலில் மஞ்சள். நீலத்துக்கு அவுரி. படிகாரம் போட்டால் நிறம் பிரகாசமாகும். அதே சாயத்தில் இரும்புச் சத்து சேர்ந்தால் சாம்பலாகவோ கறுப்பாகவோ இருண்டுவிடும். சூளைக்காரர்கள் இதைக் கேட்டால் தலையாட்டுவார்கள். அவர்களுக்கும் உலோகம்தான் நிறம். எந்த உலோகம், எவ்வளவு என்பதுதான் பாதி வித்தை.

துணியை நுணுக்கமாக முடிச்சுப் போட்டு முக்கி, அவிழ்த்தால் உள்ளே வடிவம் விழுகிற ஜப்பானிய ஷிபோரி முறையும் ஆரண்யாவில் நடக்கிறது. ஆயிரம் முடிச்சு போட வேண்டிய துணியில் அவசரக் கைக்கு வேலை இல்லை. ‘மெதுவாகச் செய்கிறவன்’ என்று பள்ளிக்கூடம் பின்வரிசையில் உட்கார வைத்த பிள்ளைதான் அங்கே முன்வரிசை. வெளிநாடுகளிலிருந்து துணிக் கலைஞர்கள் வந்து சொல்லிக் கொடுக்கிறார்கள், பிள்ளைகளிடமிருந்து கற்றுக்கொண்டும் போகிறார்கள். எந்த இலை என்ன நிறம் என்ற கணக்கைப் பட்டறை பூட்டி வைப்பதில்லை. பயிற்சிக்கு வருகிறவர்களுக்குக் காட்டிக் கொடுக்கிறது. அதனால் ஆரண்யாவின் வியாபாரம் படுத்துவிடவில்லை. கணக்கு தெரிந்தாலும் அந்தக் கைகளின் நிதானம் எல்லோருக்கும் வந்துவிடாது என்பது வாங்குகிறவர்களுக்குத் தெரிகிறது.

எனாமலுக்கும் இந்த எல்லையில் அப்படி ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது பேராசை இல்லை. திருச்சூரில் 1962 முதல் கேரள லலிதகலா அகாடமி இருக்கிறது. ஓவியத்துக்கும் சிற்பத்துக்கும் முகாம் நடத்துகிற அகாடமி அது. அப்படி ஒரு முகாமைச் சித்தூரிலோ கொல்லங்கோட்டிலோ எனாமலுக்கென்று போட்டால் என்ன? சோழமண்டலத்திலிருந்து உலோகச் சிற்பிகள் வரட்டும். ஜெய்ப்பூரிலிருந்து ஒரு மீனாகார் வரட்டும். உள்ளூர் ஆசாரிகள் பத்துப் பேர் தங்கள் ஊதுகுழலோடு வரட்டும். சாயம் போடுகிற மூணாறுப் பிள்ளைகளும் ஒரு வண்டியில் இறங்கட்டும். பொடி தூவுவதற்கு அவர்களுடைய நிதானம் தேவை.

செலவைப் பற்றிக் கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். கையகலத் தகடு போகிற சின்ன மின் சூளைக்குத் தனி மின் இணைப்பு வேண்டியதில்லை, ஏ.சி. மாட்டுகிற 15 ஆம்பியர் பிளக் போதும். முதல் நாள் முழுக்க நகை எதுவும் செய்ய வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்கும் விரல் நீளத் தகடு ஒன்று சுடலாம். பாதியில் நிறம் வெறும் செம்பின் மேல், மீதியில் வெள்ளையின் மேல். பின்பக்கத்தில் நிறத்தின் எண், டிகிரி, நிமிடம், தயாரித்தவர் பெயர். எழுதுவது தமிழிலா மலையாளத்திலா என்று முகாமில் சண்டை வரும். இரண்டிலும் எழுதிக்கொள்ளட்டும், தகட்டில் இடம் இருக்கிறது.